வண்டி மையும் சிந்தெட்டிக் எண்ணெயும்

தேனி நேரு சிலையருகே மதுரைச் சாலை, பெரியகுளம் சாலை, கம்பம் சாலை மூன்றும் கூடுகின்றன. இவற்றில் எதில் சற்றுத் தொலைவு நடந்தாலும் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்று எதிர்ப்படும். அதன் அலமாரியில் நிற்கும் எண்ணெய் டப்பாக்களைப் படித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. மினரல், செமி சிந்தெட்டிக், ஃபுல்லி சிந்தெட்டிக் என்று பெரிய எழுத்தில் ஒரு சொல். 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30, 0டபிள்யூ-16 என்று அதனினும் சிறிய எழுத்தில் ஓர் எண். டப்பாவின் பின்புறம் பூதக்கண்ணாடிக்கென்றே அச்சிட்டதுபோல் ஏ.பி.ஐ. எஸ்.பி., ஏ.சி.இ.ஏ. சி3 என்று சில குறிகள். வாங்க வருபவர் பெரும்பாலும் இவற்றுள் முதலாவதை மட்டும் படிக்கிறார். அல்லது எதையும் படிக்காமல், நல்லதாக ஒன்று கொடுங்கள் என்கிறார். நல்லது என்பதற்குக் கடை அகராதியில் விலை கூடியது என்று பொருள்.

காருக்கு ஏற்ற எண்ணெய் எது என்று கேட்டால் எஞ்சினியர் ஒருவர் இரண்டு வரியில் விடை சொல்லிவிடுவார். நமக்கு அவ்விடையினும் அக்கேள்வியின் பழமையில் ஆர்வம் அதிகம். மலையேறும் சக்கரத்துக்கு என்ன இடுவது என்னும் கேள்வி மோட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே இப்பள்ளத்தாக்கில் இருந்தது. அன்று அதற்கான விடை வண்டியோட்டுபவர் கையிலேயே இருந்தது. பின்னர் அது பட்டறைக்குப் போயிற்று. அங்கிருந்து டப்பாவின் மேல் அச்சிட்ட ஒற்றைச் சொல்லுக்குப் போயிற்று. அந்தக் கைமாற்றத்தின் கதையைத் தெரிந்துகொண்டால், அச்சொல்லுக்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் மாட்டுவண்டி. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், பொகுட்டெழினியை உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் அச்சு முறியும் என்பது உப்பு வணிகருக்குத் தெரிந்த செய்தி. மரத்தோடு மரமோ மரத்தோடு இரும்போ உராய்ந்தால் முதலில் வெப்பம் பிறக்கும், பிறகு தேயும், கடைசியில் முறியும். இதைத் தள்ளிப்போடுவதற்காக இட்டதுதான் வண்டி மை.

வைக்கோலைக் கருக்கிப் பொடித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாயில் அது தொங்கும். ஒரு குச்சியும் கூடவே இருக்கும். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சில் மையைத் தடவி மீண்டும் தள்ளிவிடுவார்கள். கரி கூடினால் மை இறுகும். எண்ணெய் கூடினால் இளகும். பாரம் கூடிய வண்டிக்கு இறுகிய மை. வெயிலில் வழிந்தோடாத மை. இன்றைய கிரீஸிலும் எண்ணெயோடு ஒரு கெட்டிப்பொருள் உண்டு. கரிக்குப் பதில் சோப்பு, அவ்வளவே. மை என்னும் சொல்லையும் கவனிக்க வேண்டும். விளக்கெண்ணெய் தீபத்தின் புகைக்கரியை எண்ணெயில் குழைத்தால் கண்ணுக்கு மை. வைக்கோல் கரியைக் குழைத்தால் அச்சுக்கு மை. ஒரே ஆமணக்கு முத்து இரண்டு வேலைக்கும் ஆயிற்று.

மசகு என்னும் மற்றொரு சொல்லும் இதற்கு உண்டு. தமிழ்நாட்டில் மசகெண்ணெய் என்றால் இயந்திரத்துக்கு இடும் உயவு எண்ணெய். இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாளிலோ மசகு எண்ணெய் என்பது கச்சா எண்ணெய். உலகச் சந்தையில் மசகு எண்ணெயின் விலை உயர்ந்தது என்று கொழும்புச் செய்தியைப் படித்துவிட்டுக் கிரீஸ் விலை ஏறிவிட்டதாகத் தமிழ்நாட்டார் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் வண்டிப் பாதைகள் அதுவரை கண்டிராத பாரத்தைக் கண்டது பெரியாறு அணை கட்டப்பட்ட காலத்தில். 1887-இல் தொடங்கி 1895-இல் நீர் திறக்கப்பட்ட அப்பணிக்கு அருகிலிருந்த ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர்; இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கே இறங்கிய தளவாடங்கள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் மாட்டுவண்டிகளில் பயணம் செய்து கூடலூரை அடைந்தன. அதன் பிறகு மலை. பென்னிகுக்கைப் பற்றி இப்பகுதியில் பேசப்படாத நாளில்லை. அந்த எட்டாண்டுகள் முழுதும் அச்சுக்கு மை தடவிய கைகளைப் பற்றிப் பேச நமக்கு ஒரு பெயர்கூட எஞ்சவில்லை. வரலாற்றில் உயவு எண்ணெயின் இடம் பொதுவாக இதுதான்: சரியாக இருக்கும்வரை கண்ணில் படாது.

ஆமணக்கு அத்தோடு ஓய்வு பெற்றதா என்றால் இல்லை. ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, நீரில் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை வழித்தெடுக்கும் நாட்டு எண்ணெய்க்கு அடுத்த ஐம்பதாண்டுகளில் உலக வாழ்வு கிட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ரயில்வேக்கள் அதை உயவுக்கும் விளக்குக்கும் பயன்படுத்தின. 1899-இல் இலண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய நிறுவனம், 1909-இல் தன் மோட்டார் எண்ணெய்க்கு ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே காஸ்ட்ரால் என்று பெயரிட்டது. அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தது. முதல் உலகப்போரில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்கள் விளக்கெண்ணெயைத்தான் குடித்தன. அவ்வெஞ்சின்களில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எஞ்சினின் அடிக்கூட்டின் வழியாகவே சென்றது. கனிம எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துவிடும். விளக்கெண்ணெய் அதில் எளிதில் கரையாது. எரியாத எண்ணெய் புகையாக விமானியின் முகத்தில் அடித்தது. விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். அந்த விமானிகளும் அறிந்தார்கள்.

எண்களில் சொன்னால் அதன் சிறப்பு விளங்கும். எண்ணெயின் தடிப்பை, அதாவது ஓட மறுக்கும் குணத்தை, பாகுநிலை என்பார்கள். சென்டிஸ்டோக் என்னும் அலகில் அளப்பார்கள். விளக்கெண்ணெயின் பாகுநிலை 40 பாகை செல்சியஸில் சுமார் 250. 100 பாகையில் சுமார் 20. கொதிநீரின் வெப்பத்திலும் 20 நிற்கிறது என்பது சாதாரணச் செய்தியன்று. இன்றைய 50-ஆம் எண் மோட்டார் எண்ணெய்க்கு நிகரான தடிப்பு அது. உலோகத்தின்மேல் விடாமல் ஒட்டும் குணமும் அதற்கு இயல்பிலேயே உண்டு. அதன் குறை வேறோரிடத்தில் இருந்தது. நெடுநேரம் சூட்டில் கிடந்தால் பிசினாகிவிடும். ஒருமுறை ஓடி வெளியே போய்விடும் எண்ணெய்க்கு இது பொருட்டில்லை. ஒரே எண்ணெயை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பத் திரும்பச் சுழற்றும் காருக்கு இது நோய். ஆகவே பூமிக்கடியிலிருந்து வந்த கனிம எண்ணெய் வென்றது.

*

அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., எண்ணெய்களைத் தடிப்பின்படி வகைப்படுத்தும் தன் முதல் தரநிர்ணயத்தை 1911-இல் வெளியிட்டது. டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் தொடங்கியதும் அதே 1911 என்பது தற்செயல். ஆனால் மதுரைச் சீமையில் பேருந்தும் லாரியும் பரவிய வரலாறும், எண்ணெயை எண்ணால் அழைக்கும் வழக்கம் இங்கே வந்து சேர்ந்த வரலாறும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே செல்கின்றன. 30, 40, 50 என்பவை எண்ணெயின் தரத்தைக் குறிக்கும் மதிப்பெண்கள் அல்ல, தடிப்பைக் குறிப்பவை. நாற்பது வாங்கிய எண்ணெய் முப்பது வாங்கியதைவிடச் சிறந்தது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டுச்சென்ற பழக்கம் போலும்.

1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அதன் தண்டவாளங்கள் போர்த் தேவைக்கெனப் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களில்தான் மீண்டும் வண்டி ஓடிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏலமும் பருத்தியும் சாலையை நம்பின. ஆனால் சாலையில் பெட்ரோல் இல்லை, பங்கீடு. பேருந்துகளின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதில் எழும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள், டி.வி.எஸ். அக்கலங்களைத் தயாரித்து விற்கவும் செய்தது. கரிவாயுவோடு சாம்பலும் தாரும் எஞ்சினுக்குள் புகுந்து எண்ணெயைக் கறுப்பாக்கிவிடும். வண்டி மைக்குக் கரியை நாமே கலந்தோம். இப்போது அது அழையாமல் வந்து கலந்தது.

விடுதலைக்குப் பின் இப்பள்ளத்தாக்கின் வாகனம் ஜீப். மகிந்திரா 1940-களின் இறுதியில் இந்தியாவில் ஒன்றுசேர்க்கத் தொடங்கிய அந்த வண்டி, ஏலத்தோட்டப் பாதைகளுக்கென்றே பிறந்ததுபோல் இங்கே பொருந்திக்கொண்டது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறுவதும், மாலையில் இறங்குவதும் இன்றுவரை தொடர்கிறது. அவ்வண்டிகளின் எஞ்சினுக்கு நாற்பதாம் நம்பர் ஆயில், கியருக்குத் தொண்ணூறாம் நம்பர் ஆயில் என்பது பட்டறைப் பாடம். 1969-இல் மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் இயங்கத் தொடங்கியபோது, கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பதோடு உயவு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயையும் அது தயாரித்தது. இன்று அதன் பெயர் சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷன். 1972-இல் இந்தியன் ஆயிலின் சர்வோ வந்தது. எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் எல்லாம் 1974-க்கும் 1978-க்கும் இடையில் அரசு நிறுவனங்களாக உருமாறின. அம்பாசிடரும் பியட்டும் ஜீப்பும் மட்டுமே ஓடிய அந்த நாட்களில் எண்ணெயைத் தேர்வது பெரிய கலையன்று. எஞ்சின்களின் இடைவெளிகள் தாராளமானவை. சற்றுத் தடித்த எண்ணெயையும் சற்று மெலிந்த எண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. நம் பட்டறைகளில் இன்றும் கேட்கும் அறிவுரைகளில் பாதி அந்தப் பொறுமைசாலி எஞ்சின்களிடம் கற்றவை. எஞ்சின் மாறிவிட்டது; அறிவுரை மாறவில்லை.

இனி அந்த டபிள்யூவைப் பார்ப்போம். ஒற்றை எண் எண்ணெய்க்கு ஒரு பெருங்குறை: சூட்டில் சரியாக இருப்பது குளிரில் பாகாகிவிடும், குளிரில் ஓடுவது சூட்டில் நீராகிவிடும். குளிர்நாடுகளில் கோடைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என மாற்றிவந்தார்கள். 1950-களில், சூடேறும்போது விரிந்து எண்ணெயின் தடிப்பைத் தாங்கிப்பிடிக்கும் நீள்மூலக்கூறுகளைக் கலந்து, இரண்டு வேலையையும் ஒரே எண்ணெய் செய்யும்படி ஆக்கினார்கள். 15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ ஆங்கிலத்துக் குளிர்காலம். முன்னால் நிற்கும் எண் குளிரில் எண்ணெயின் நடத்தையையும், பின்னால் நிற்கும் எண் 100 பாகைச் சூட்டில் அதன் தடிப்பையும் சொல்கின்றன.

நாம் அதிகம் ஏமாறுவது இந்த முன்னெண்ணில்தான். எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் சோதனையை 15டபிள்யூ எண்ணெய்க்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகையிலும், 5டபிள்யூவுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகையிலும், 0டபிள்யூவுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 35 பாகையிலும் நடத்துகிறார்கள். கம்பத்தில் மார்கழி இரவிலும் போர்வை ஒன்று போதும். மலைக்கு அப்பால் மூணாறில் தை மாதத்தில் சில விடியல்களில் உறைபனி படியும். அதுவும் பூஜ்யத்தை ஒட்டித்தான். ஆகவே, உறைகுளிரிலும் உடனே ஸ்டார்ட் ஆகும் என்று டப்பா தரும் உறுதிமொழி சைபீரியாவுக்கு எழுதிய கடிதம். முகவரி மாறி நமக்கு வந்திருக்கிறது. சற்று நியாயமும் சொல்லிவிட வேண்டும். 40 பாகையில் 15டபிள்யூ-40 எண்ணெய் சுமார் 105 சென்டிஸ்டோக்; 5டபிள்யூ-30 சுமார் 60 முதல் 70. நம் ஊர்க் காலை வெப்பத்திலும் மெலிந்தது விரைவாக மேலேறி வால்வுகளை நனைக்கும். ஒரு நாளைக்குப் பத்துமுறை அணைத்துத் தொடக்கும் வண்டிக்கு இது நன்மைதான்.

நம் பள்ளத்தாக்கு சோதிப்பது மறு எண்ணை. போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டர் ஏறுகிறது சாலை. முதல் கியரும் இரண்டாம் கியரும். எஞ்சின் முழுமூச்சில் உழைக்க, வண்டி நகர்வதோ மெதுவாக. ஆகவே முகப்பில் மோதிக் குளிர்விக்கும் காற்றும் குறைவு. எண்ணெயின் சூடு 120 பாகையைத் தாண்டுவது இத்தகைய ஏற்றங்களில்தான். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் எண்ணெய் ஆக்சிஜனேற்றமடையும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது எண்ணெய் வேதியியலின் பழைய கட்டைவிரல் கணக்கு. டர்போ உள்ள எஞ்சினில் இன்னும் மோசம். மேலே ஏறி முடித்ததும் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்திச் சட்டென்று அணைத்தால், கொதிக்கும் டர்போ தாங்கியில் தேங்கிய சில துளி எண்ணெய் கருகிக் கரியாகிறது. ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது, எந்த டப்பாவின் விலை வித்தியாசத்தையும்விட மலிவான பாதுகாப்பு.

*

சிந்தெட்டிக் எண்ணெய் உண்மையாகவே உதவும் இடம் இது. அதன் வரலாறு நாம் நினைப்பதினும் நீண்டது. 1929-இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் சிறிய ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளைக் கோத்து உயவு எண்ணெய் செய்து பார்த்தது; மலிவான கனிம எண்ணெய் கிடைத்த காலம், யாரும் வாங்கவில்லை. 1930-களிலும் போர்க்காலத்திலும் ஜெர்மனியில் ஐ.ஜி.ஃபார்பனின் ஹெர்மன் சோர்ன் எஸ்டர் வகை எண்ணெய்களை உருவாக்கினார். எண்ணெய்க் கிணறு இல்லாத நாட்டுக்கு அது தேவையாயிற்று. பிறகு ஜெட் விமானம் வந்தது. அதன் சூட்டில் கனிம எண்ணெய் கருகியது. வான்வெளியின் குளிரில் இறுகியது. 1950-களில் ஜெட் எஞ்சின்களுக்கு இட்ட எஸ்டர் எண்ணெய்களில் முக்கியமானவை செபாசிக் அமிலத்திலிருந்து செய்யப்பட்டவை. செபாசிக் அமிலம் எதிலிருந்து வருகிறது? விளக்கெண்ணெயிலிருந்து. காரத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஆமணக்கின் கொழுப்பமிலம் இரண்டாகப் பிளக்கிறது; ஒரு பாதி செபாசிக் அமிலம். பிசினாகும் என்று எஞ்சினிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆமணக்கு, பிசினாகும் பகுதியைக் கழித்துவிட்டு, விமானத்தின் வழியாகவே திரும்பி வந்தது. சிந்தெட்டிக் என்றால் இயற்கைக்குப் புறம்பான ஏதோ ஒன்று என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையை நாம் மகிழ்ச்சியோடு சொல்வோம்.

செயற்கை எண்ணெய் என்று நாளிதழ்கள் மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது. செயற்கை என்றதும் தமிழ்க் காதில் போலி என்னும் பொருளும் சேர்ந்தே ஒலிக்கிறது: செயற்கைப் பூ, செயற்கைச் சாயம். கிரேக்க மூலத்தில் அச்சொல்லுக்குச் சேர்த்து வைத்தல் என்றே பொருள். எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் தொகுத்த மொழிக்கு இதில் என்ன தடுமாற்றம்? தொகுப்பெண்ணெய் என்றால் போயிற்று. கச்சா எண்ணெயில் கிடைக்கும் ஆயிரம் வகை மூலக்கூறுகளிலிருந்து வேண்டியதை வடித்தெடுப்பது கனிம எண்ணெய். வேண்டிய மூலக்கூறை மட்டும் சிறு துண்டுகளிலிருந்து கட்டியெழுப்புவது தொகுப்பெண்ணெய். ஒரே அளவான மூலக்கூறுகள் ஆதலால் சூட்டில் ஆவியாகிப் பறப்பது குறைவு, விரைவில் கருகுவதில்லை, தடிப்பைத் தாங்கிப்பிடிக்கும் கலவைப் பொருளும் குறைவாகவே தேவைப்படும்.

ஆனால் டப்பாவின் மேலுள்ள சொல் இன்று இதைக் குறிப்பதில்லை. கார்களுக்கான சிந்தெட்டிக் 1970-களில் கடைக்கு வந்தது: 1972-இல் ஆம்சாயில், சில ஆண்டுகளில் மொபில் 1. பின்னர் கனிம எண்ணெயையே அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினைபுரியவைத்து அதன் மூலக்கூறுகளை மாற்றியமைக்கும் முறை வளர்ந்தது. இதை மூன்றாம் தொகுதி அடிப்படை எண்ணெய் என்கிறார்கள். கட்டியெழுப்பிய நான்காம் தொகுதியோடு ஏறக்குறையப் போட்டியிடும் தரம்; விலையோ குறைவு. காஸ்ட்ரால் இதைச் சிந்தெட்டிக் என்று விற்றது, மொபில் எதிர்த்தது. 1999-இல் அமெரிக்க விளம்பரத்துறையின் தன்னாட்சி மன்றம் ஒன்று காஸ்ட்ராலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது நீதிமன்றமன்று, ஆனால் அதன்பின் உலகச் சந்தையில் சிந்தெட்டிக் என்பது வேதியியல் சொல்லாக இல்லாமல் வணிகச் சொல்லாயிற்று. செமி சிந்தெட்டிக்கின் நிலை இன்னும் விசித்திரம். நூற்றுக்கு எத்தனை பங்கு கலந்தால் அரை என்று ஏ.பி.ஐ. வரையறுக்கவில்லை. பாலில் எவ்வளவு நீர் என்பதற்காவது நம் ஊரில் ஒரு கருவி உண்டு.

இவ்வளவும் சொல்வது சிந்தெட்டிக் வீண் என்பதற்கன்று. மூன்றாம் தொகுதி எண்ணெய் மிக நல்ல எண்ணெய். தேனியிலிருந்து மதுரை சென்று வரும் காருக்கு வேண்டியதற்கு மேலேயே நல்லது. நாம் சொல்வது, பெரிய எழுத்திலுள்ள சொல்லை விட்டுவிட்டுச் சிறிய எழுத்துக் குறிகளைப் படியுங்கள் என்பதே. சொல்லை விளம்பரதாரர் எழுதுகிறார். குறிக்குப் பின்னால் சோதனைகள் இருக்கின்றன. ஏ.பி.ஐ.யின் எஸ் வரிசை பெட்ரோல் எஞ்சினுக்கு, சி வரிசை டீசலுக்கு. எஸ்.ஏ.யில் தொடங்கிய அவ்வரிசை 2020-இல் எஸ்.பி.யையும் 2025-இல் எஸ்.க்யூவையும் எட்டியிருக்கிறது, பிந்திய எழுத்து பிந்திய சோதனை. அக்குறியும் தடிப்பு எண்ணும் காரோடு வந்த கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். கையேட்டைத் தொலைத்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்பதுதான் பொது வழக்கம்.

புதிய சிறு பெட்ரோல் கார்கள் சிலவற்றின் கையேட்டில் 0டபிள்யூ-16 என்றிருக்கும். இது தண்ணீர் மாதிரி இருக்கிறதே, மலையேறுமா என்று ஐயுற்று 20டபிள்யூ-50 ஊற்றுபவர்கள் உண்டு. அந்த எஞ்சினின் இடைவெளிகளும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வால்வு நேரமாற்றியும் மெலிந்த எண்ணெய்க்கென அளந்து செய்தவை. தடித்த எண்ணெய் அங்கே தாமதமாகச் சென்று சேரும். மாறாக, இருபது வயதான ஜீப்புக்கோ இண்டிகாவுக்கோ விலையுயர்ந்த 0டபிள்யூ-20 வாங்கி ஊற்றுவது அன்பின் மிகுதி. தேய்ந்த இடைவெளிகளில் அது நிற்காது, கசியும், புகையும். அவற்றுக்கு நல்ல கனிம 15டபிள்யூ-40 ஒன்றை உரிய காலத்தில் மாற்றுவதே போதும். நாள்தோறும் பாரத்தோடு மலையேறுபவர்கள், கையேட்டில் கடினப் பயன்பாடு என்னும் தலைப்பில் மாற்றும் இடைவெளி குறைத்துச் சொல்லப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். மலைப்பாதையும் புழுதியும் பாரமும் அத்தலைப்பின்கீழ் வருபவை. தோட்ட ஜீப்புக்கு மூன்றும் உண்டு.

விலையுயர்ந்த பிழை நிகழ்வது டீசல் காரில். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு நடைமுறைக்கு வந்தபின் விற்கப்பட்ட டீசல் கார்களின் புகைவழியில் துகள் வடிகட்டி இருக்கிறது. எண்ணெயில் கலந்துள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்தால் சாம்பலாகும். புகைக்கரியை அந்த வடிகட்டி சூடேற்றி எரித்துவிடும். சாம்பலை எரிக்க இயலாது, அது அங்கேயே சேரும். ஆகவே குறைசாம்பல் எண்ணெய் வேண்டும், டப்பாவில் ஏ.சி.இ.ஏ. சி என்று தொடங்கும் குறி அதற்காகவே. ஃபுல்லி சிந்தெட்டிக் என்று பொன்னெழுத்தில் பொறித்த எண்ணெய்கூட அக்குறி இல்லையென்றால் இவ்வண்டிக்குத் தவறான எண்ணெய். வடிகட்டி அடைத்துப்போனால் ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கு எண்ணெய் வாங்கலாம்.

மாற்றி எடுத்த பழைய எண்ணெய் எங்கே போகிறது? சிறு காரில் மூன்று நான்கு லிட்டர், ஜீப்பில் அதனினும் கூடுதல். மாட்டுவண்டிகள் மிச்சமிருந்த ஊர்களில், விளக்கெண்ணெய் வண்டி மையின் இடத்தைப் பிடித்தது இந்தப் பட்டறைக் கழிவுதான். கருக்க வேண்டிய வைக்கோல் மிச்சமாயிற்று, கரி எஞ்சினிலேயே கலந்திருந்தது. கரையான் வராமல் உத்தரங்களுக்குப் பூசினார்கள். கதவுக் கீல்களுக்கு விட்டார்கள். கான்கிரீட் ஒட்டாமலிருக்கச் சென்ட்ரிங் பலகைகளுக்கு இன்றும் தடவுகிறார்கள். எஞ்சியதைப் பட்டறை வாசலிலோ சாக்கடையிலோ ஊற்றினால், இப்பள்ளத்தாக்கின் சரிவு அதை முல்லையாற்றுக்கும் வைகைக்கும் கொண்டுபோகும். அங்கிருந்து 1959-இல் கட்டிய வைகை அணைக்கு. மதுரை குடிப்பது அந்நீரை. எரிபொருள் கழிவும் உலோகத் தூளும் ஏறிய எண்ணெய் இந்தியச் சட்டத்தில் அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல், விற்கும் எண்ணெயில் ஒரு பங்கைத் திரும்பச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் விதிகள் சுமத்தியிருக்கின்றன. முறையாக வடித்தெடுத்தால் அது மீண்டும் நல்ல அடிப்படை எண்ணெயாகிறது. எண்ணெய் தேய்வதில்லை, அழுக்கும் கருகலும் சேர்ந்து கெடுகிறது. அடுத்தமுறை எண்ணெய் மாற்றும்போது, பழையதை எந்தப் பீப்பாயில் ஊற்றுகிறார்கள், அதை யார் வந்து எடுத்துச் செல்கிறார்கள் என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.